மணல்மேடும் பொதுநிலமும்
ஸ்கொட்லாந்தின் கடலோரக் கோல்ஃப் நமக்குச் சொல்வது என்ன?

(நிலாவெளியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கோல்ஃபைப் பற்றி ஒருவர் பேசப்போகிறார் என்றதும், “நிலாவெளியில் கோல்ஃபுக்கு என்ன வேலை?” என்று உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். நியாயமான கேள்விதான். கரைவலை இழுக்கிற ஊர் இது. வெங்காயம் வைக்கிற ஊர். மாலையானால் ஈரமணலில் பையன்கள் கிரிக்கெட் அடிக்கிற ஊர். கோல்ஃப் என்றால் நமக்கு நினைவில் வருவது வேலி, காவலாளி, காசுள்ளவர்களின் பொழுதுபோக்கு. நம் மாவட்டத்திலும் ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது. சீனக்குடாவில், துறைமுகக் கரையோரமாக விமானப்படையினர் நடத்தும் பதினெட்டுக் குழி மைதானம் அது. அதற்குள் போய் வந்தவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர் என்று நான் கேட்கப் போவதில்லை.

நான் பேச வந்தது அந்த விளையாட்டு பிறந்த கரையைப் பற்றி. சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உலகம் கொண்டாடும் ஸ்கொட்லாந்தின் பழைய கோல்ஃப் மைதானங்களை இரண்டு விஷயங்கள் உண்டாக்கின. ஒன்று, யாரும் கை வைக்காமல் விட்ட மணல்மேடு. மற்றது, ஊரார் கையை விட்டுப் போகாத பொதுநிலம். அந்த இரண்டும் இன்றைக்கும் நிலாவெளியில் இருக்கின்றன. அவற்றின் பெறுமதியை நாம் அறிந்திருக்கிறோமா என்பதுதான் என் கேள்வி.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கரையில் கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒரு மணற்பட்டி ஓடுகிறது. அதை லிங்ஸ் என்பார்கள். பனியுகம் முடிந்து, நிலத்தை அழுத்திக்கொண்டிருந்த பனிப்பாளம் உருகியபோது, பாரம் நீங்கிய நிலம் மெல்ல மேலே எழுந்தது. கடல் பின்வாங்கியது. அது விட்டுச்சென்ற மணலைக் காற்று மேடும் பள்ளமுமாகக் குவித்தது. மேட்டின் கடற்பக்கத்தில் மரம் என்று ஒரு புல் முளைக்கும். பெயர்தான் மரம், உண்மையில் முழங்கால் உயரத்துக் கூரிய புல். மணல் மூட மூட அதையும் துளைத்துக்கொண்டு மேலே வரும். அதன் வேர்தான் மேட்டைப் பிடித்து வைப்பது. மேட்டுக்குப் பின்னால், காற்றின் வேகம் தணிகிற இடத்தில், நூல்போல மெல்லிய ஃபெஸ்க்யூ, பென்ட் என்ற புற்கள் பரவும்.

அந்த மண்ணில் சத்துக் கிடையாது. மழைத் தண்ணீர் நிற்காது, அப்படியே இறங்கிவிடும். உழவனுக்கு உதவாத நிலம். ஆகவே ஊரார் அதில் ஆடு மேய்த்தார்கள், முயல் பிடித்தார்கள், வலை உலர்த்தினார்கள், துணி வெளுத்தார்கள். ஆடும் முயலும் கடித்துக் கடித்துப் புல்லைக் கட்டையாக வைத்திருந்தன. காற்றுக்கு ஒதுங்கிய ஆடுகள் படுத்துக் கிளறிய இடங்கள் மணற்குழிகளாயின என்று சொல்வார்கள். இன்று உலகமெங்கும் இயந்திரத்தால் தோண்டுகிற ‘பங்கர்’ குழிகளுக்கு மூலம் அதுதான். தடியும் பந்துமாக அங்கே விளையாடத் தொடங்கியவர்கள் மைதானம் ஒன்றைக் கட்டவில்லை. கிடந்த நிலத்தில் விளையாடினார்கள். எந்த மேட்டைத் தாண்டி, எந்தப் பள்ளத்தைச் சுற்றிப் பந்தைக் கொண்டுபோவது என்பதுதான் விளையாட்டாக இருந்தது.

எவ்வளவு காலமாக விளையாடினார்கள்? அரசன் தடை போடும் அளவுக்கு. 1457இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னனின் பாராளுமன்றம் கோல்ஃபையும் உதைபந்தையும் தடைசெய்து ஒரு சட்டம் இயற்றியது. இங்கிலாந்தோடு போர் மூளக்கூடிய காலம் அது. இளைஞர்கள் வில்வித்தை பழகாமல் பந்தின் பின்னால் ஓடுகிறார்கள் என்பது அரசின் கவலை. 1471இலும் 1491இலும் அதே தடையைத் திரும்பவும் போட்டார்கள். மூன்று முறை தடை போட வேண்டியிருந்தது என்றாலே மக்கள் எவ்வளவு கேட்டார்கள் என்பது விளங்கும். கடைசியில் நான்காம் ஜேம்ஸ் மன்னன் தானே 1502இல் பேர்த் நகரத்து வில் செய்பவரிடம் கோல்ஃப் தடி வாங்கினான்.

அந்த நிலத்தில் எப்படி விளையாடுவார்கள் என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொலைக்காட்சியில் நீங்கள் பார்க்கும் கோல்ஃப் பெரும்பாலும் அமெரிக்க பாணி. பந்தை வானத்துக்கு உயர அடிப்பார்கள். அது மெத்தை போன்ற பச்சைப் புல்லில் விழுந்து அங்கேயே நிற்கும். லிங்ஸில் அது நடவாது. தரை கட்டாந்தரை. விழுந்த பந்து இரண்டு துள்ளல் துள்ளி முப்பது யார் ஓடிவிடும். காற்றோ ஓயாமல் அடிக்கிறது. காலையில் எளிதாக இருந்த குழி, வற்றுப்பெருக்கோடு காற்றுத் திரும்பியதும் மாலையில் எட்டாத குழியாகிவிடும். ஆகவே அங்கே கைதேர்ந்தவன் பந்தைத் தாழ அடிப்பான். காற்றுக்கு அடியால் விட்டு, தரையோடு தரையாக ஓடவைத்து, நிலத்தின் சரிவே அதைக் குழிப்பக்கம் கொண்டுபோகும்படி பார்ப்பான். அதற்குத் தோள்வலிமையைவிட நிலத்தைப் படிக்கிற கண் முக்கியம்.

ஸ்கொட்லாந்தில் நான் இருந்த காலத்தில் ஃபைஃப் கரையிலுள்ள ஒரு சின்ன ஊரின் மைதானத்தில் விளையாடியிருக்கிறேன். தடிப்பை சுமந்து வந்த முதியவர் பத்து மைலுக்கு அப்பாலிருந்த தீவைப் பார்த்துக் காற்றைச் சொல்வார். தூரத்தைக் கேட்டால் அடிக்கணக்கில் பதில் வராது. “அந்த மேட்டின் இடது தோளில் விழுத்து. மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்” என்பார். அவர் காட்டிய மேட்டில் பந்து விழும். ஒரு கணம் தயங்கும். பிறகு, யாரோ கையால் திருப்பிவிட்டது மாதிரி வலப்பக்கம் வளைந்து, ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறி, கொடிக்கம்பத்தருகே போய் நிற்கும். பிழையான மேட்டில் விழுந்தால் அதே நிலம் அதே சிரத்தையோடு அதைப் பங்கருக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். அங்கத்தைய பங்கர் குழிகளின் சுவர், வெட்டியெடுத்த புற்கட்டிகளைச் செங்கல் வரிசைபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியது. சில குழிகளுக்குள் நின்றால் ஆளின் தலை வெளியே தெரியாது. முன்பக்கமாக அடித்து வெளியேற முடியாதபோது பின்பக்கமாக அடித்து வெளியே வர வேண்டியதுதான்.

பெரிய ஆட்டக்காரர்களும் இதற்குத் தப்பவில்லை. சென்ட் அன்ட்ரூஸ் நகரின் ஓல்ட் கோர்ஸ் மைதானத்தில் 112 பங்கர்கள் இருக்கின்றன. பதினேழாவது குழிக்கு முன்னால் ஒரு சின்னப் பங்கர். 1978ஆம் ஆண்டு ‘ஓப்பன்’ போட்டியில் ஜப்பானின் நகாஜிமா முன்னணி வரிசையில் இருந்தார். குழிப்பக்கம் மெல்லத் தட்டிய பந்து சரிவில் உருண்டு அந்தப் பங்கருக்குள் இறங்கியது. வெளியே எடுக்க நான்கு அடி பிடித்தது. நான்கில் முடிக்க வேண்டிய குழியில் ஒன்பது. அதோடு அவருடைய வாய்ப்பும் போயிற்று.

இனி இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். இந்த லிங்ஸ் நிலம் யாருடையது?

சென்ட் அன்ட்ரூஸில் 1552இல் ஒரு சாசனம் எழுதப்பட்டது. பேராயர் ஜோன் ஹமில்டன் அந்த மணற்பட்டியில் முயல் வளர்க்க விரும்பினார். அதற்கு ஊராரிடம் ஒப்புதல் கேட்டார். ஊரார் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அந்த நிலத்தில் கோல்ஃப் ஆடவும், பந்து உதைக்கவும், அம்பு எய்து பழகவும், ஆடுமாடு மேய்க்கவும் தங்களுக்கு உள்ள உரிமையை எழுத்தில் வாங்கிக்கொண்டார்கள். இன்றுவரை அந்த ஊரின் வலிமை அந்த எழுத்துத்தான்.

அது சும்மா நிலைக்கவில்லை. 1797இல் கடனில் மூழ்கிய நகரசபை நிலத்தைக் கைவிட்டது. அது முயல் வளர்க்கும் வணிகர்களிடம் போய்ச் சேர்ந்தது. முயல் பெருகி நிலமெல்லாம் வளையாயிற்று. விளையாடுவோர் வழக்குப் போட்டார்கள். சச்சரவு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1821இல் கோல்ஃபில் பற்றுள்ள ஒரு நிலக்கிழார் நிலத்தை வாங்கியபின்தான் ஓய்ந்தது. 1894இல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் நிலம் மீண்டும் ஊருக்கு வந்தது. 1974இல் இன்னொரு சட்டம் வந்து, ஒரு நம்பிக்கைப் பொறுப்பு நிறுவனத்திடம் பராமரிப்பை ஒப்படைத்தது. இன்று ஏழு மைதானங்களை அந்த நிறுவனம் நடத்துகிறது. உலகப் பணக்காரர்கள் ஓல்ட் கோர்ஸில் ஆடச் சீட்டுக் குலுக்கலில் பெயர் கொடுத்துக் காத்திருக்கிறார்கள். ஊர்க்காரருக்கோ சலுகை விலையில் ஆண்டுச் சீட்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வழக்கமாக ஆட்டமே கிடையாது. ஊரார் குழந்தை குட்டிகளோடு, நாயோடு நடந்து திரிவார்கள். முதலாம் குழிக்கும் பதினெட்டாம் குழிக்கும் குறுக்கே ஒரு பொதுத் தெரு போகிறது. கடற்கரைக்குப் போகிற சனம் அந்த வழியால் போகும்போது, கோடி கோடியாய்ச் சம்பாதிக்கும் ஆட்டக்காரனும் தடியை ஊன்றிக்கொண்டு நிற்க வேண்டும்.

தாய்மார்களுக்கு இன்னொரு செய்தி. எடின்பரோவுக்குப் பக்கத்தில் மசல்பரோ என்று ஒரு மீனவ ஊர். அங்கத்தைய கோல்ஃப் கழகம் 1810 டிசம்பரில் ஒரு தீர்மானம் எழுதியது. வரும் புத்தாண்டில் ஊரின் மீன்காரப் பெண்களுக்குள் கோல்ஃப் போட்டி வைப்பது, சிறந்த ஆட்டக்காரிக்குப் பரிசு கொடுப்பது. பரிசு என்ன தெரியுமா? ஒரு புதிய மீன்கூடையும் ஒரு சால்வையும். பெண்களின் கோல்ஃப் போட்டி பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய பதிவுகளில் அது ஒன்று. முதுகில் கூடை சுமந்து மீன் விற்ற பெண்கள் ஆடியது கரை அவர்களுடையது என்பதால்தான்.

அப்படி ஊரார் ஆட்டமாக இருந்தது நம்மிடம் வேலிக்குள் வந்தது எப்படி? ஆங்கிலேயர் தங்கள் ஆட்டத்தைக் கொண்டுவந்தார்கள், பொதுநிலத்தைக் கொண்டுவரவில்லை. கல்கத்தாவில் 1829இல் கழகம் தொடங்கினார்கள். பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே அதுவே மிகப் பழையது. கொழும்பில் 1879இல் தொடங்கி, காலிமுகத்திடலில் ஆடினார்கள். கடலும் காற்றும் பொதுமக்களும் சேர்ந்திருந்த இடம் அது. அங்கேயே நீடித்திருந்தால் நமக்கும் ஒரு லிங்ஸ் வாய்த்திருக்கலாம். 1896இல் பொரளைப் பக்கம் உள்நாட்டுக்குப் போய்விட்டார்கள். நுவரெலியாவில் 1889இல் ஒரு மைதானம் எழுந்தது. தோட்டத்துரைமாரின் கழகங்களில் நம்மவர் பந்து பொறுக்கினார்கள், தடிப்பை சுமந்தார்கள். ஆட்டத்தின் பாதி வரலாறுதான் நம்மிடம் வந்து சேர்ந்தது. அதனால்தான் அது அந்நியமாகத் தெரிகிறது.

இனி நம் கரைக்கு வருவோம். இங்கிருந்து வடக்கே இறக்கக்கண்டிப் பாலம்வரை நடந்து பாருங்கள். கடலுக்கும் தெருவுக்கும் நடுவே அந்த மணற்பட்டி கிடக்கிறது. மரம் புல் செய்யும் வேலையை இங்கே செய்வது இராவணன் மீசை. ஊசிமுனை இலை, குத்தினால் இரத்தம் வரும். மணல் மூடினால் கணுவுக்குக் கணு வேர் விட்டு மேலே வரும். காய்ந்ததும் அதன் காய்க்கொத்து பந்தாக உதிர்ந்து, கச்சான் காற்றில் மணலோடு உருண்டோடும். சின்ன வயதில் அதைத் துரத்தாத பிள்ளை இந்த ஊரில் இருக்காது. அது உருண்டுபோய்த் தங்கும் இடத்தில் அடுத்த மேடு பிறக்கிறது. அதன் பக்கத்தில் அடம்பன் கொடி. ஆட்டுக்குளம்பு போல் பிளந்த இலை, ஊதாப் பூ. “அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு” என்று நாம் ஒற்றுமைக்குச் சொல்கிறோம். அந்தக் கொடி திரண்டுதான் இந்தக் கரையைப் பிடித்து வைத்திருக்கிறது.

அந்த மணல்மேடு நம் சேமிப்புப் புத்தகம் மாதிரி. மாரியில் வாடை அடித்துக் கடல் கொந்தளிக்கும்போது அலை மணலை எடுத்துப்போகும். கோடையில் கடல் தணிந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தரும். மேட்டை வெட்டி விற்றவன் அடுத்த மாரிக்குக் கையில் எதுவும் இல்லாமல் நிற்பான். மேட்டின் அடியில் இன்னொரு செல்வமும் இருக்கிறது. மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. நாம் குடிப்பதும் வெங்காயத்துக்கு இறைப்பதும் அந்தத் தண்ணீர்தான். அளவுக்கு மீறி உறிஞ்சினால் கீழே இருக்கும் உப்பு மேலே வரும்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையில் இந்த ஊருக்கு என்ன நடந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒன்றை மட்டும் நினைவுபடுத்துகிறேன். தெற்கே யாலக் கரையில் கடல் நன்றாகத் தெரியட்டும் என்று முன்னால் இருந்த மணல்மேட்டை அகற்றிய ஒரு விடுதி அன்றைக்கு முற்றாக அழிந்தது. அதே கரையில் உயர்ந்த மேடுகள் குலையாமல் இருந்த இடங்களில் அலை உள்ளே வரவில்லை. ஆய்வாளர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். எல்லா அலையையும் மேடு தடுக்கும் என்று நான் சொல்லமாட்டேன். தாழ்ந்த மேடு அன்று தாண்டப்பட்டது. ஆனால் மேடே இல்லாத கரைக்குத் தடுப்பதற்கு என்று எதுவும் இல்லை.

கோல்ஃப் மணல்மேட்டைக் காப்பாற்றும் என்று நான் சொல்ல வருவதாக யாரும் எண்ண வேண்டாம். ஸ்கொட்லாந்திலேயே இன்று சண்டை நடக்கிறது. அபர்டீனுக்கு வடக்கே மெனி என்ற இடத்தில் டொனால்ட் ட்ரம்ப் 2012இல் ஒரு மைதானம் திறந்தார். காற்றோடு இடம்பெயர்ந்துகொண்டிருந்த மணல்மேடுகளை அதற்காக அசையாமல் கட்டினார்கள். அந்த மேடுகளுக்கு இருந்த அறிவியல் பாதுகாப்புத் தகுதியை 2020இல் அரசின் இயற்கைப் பாதுகாப்பு நிறுவனமே நீக்கிவிட்டது. பாதுகாக்க வேண்டியது இனி அங்கே இல்லை என்பது அதன் முடிவு. அதே ஆண்டு, டோர்னொக் பக்கம் கூல் என்ற மணற்பட்டியில் புதிய மைதானம் அமைக்கக் கேட்டபோது ஸ்கொட்லாந்து அரசு மறுத்துவிட்டது. கோல்ஃப் பிறந்த நாடே இவ்வளவு மணல் போதும், மிச்சத்தை விடு என்றது. மொன்ட்ரோஸ் என்ற பழைய மைதானத்திலோ கடல் கரையை அரித்து அரித்துக் குழிகளை உள்ளே நகர்த்த வேண்டியதாயிற்று.

ஆகவே, நாளை யாராவது வரைபடத்தை விரித்து, “நிலாவெளியில் உலகத் தரத்தில் கடலோரக் கோல்ஃப் மைதானம்” என்று சொல்லிக்கொண்டு வந்தால், மூன்று கேள்வி கேளுங்கள்.

முதலாவது, தண்ணீர் எங்கிருந்து? பழைய லிங்ஸ் மழையில் வளர்ந்தது. வெயிலில் புல் பழுப்பானால் பழுப்பாகவே விட்டார்கள். நம் சூட்டில் கோல்ஃபுக்குப் போடுவது நம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லின் கலப்பின வகைகளைத்தான். அருகு தானாக முளைக்கும், ஆனால் கண்ணாடிபோல் பச்சையாக வைத்திருக்க நாளும் நீர் வேண்டும், உரமும் வேண்டும். நீர் நம் கிணற்றிலிருந்து போகும். உரம் மழையோடு கடலுக்கு இறங்கும். எதிரே புறாமலையைச் சுற்றிப் பவளப்பாறை இருக்கிறது. 2003இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம் அது.

இரண்டாவது, மேட்டுக்கு என்ன செய்வீர்கள்? புல்டோசர் என்று பதில் வந்தால் அது லிங்ஸ் ஆகாது. மணல்மேட்டைத் தரைமட்டமாக்கி, பிறகு செயற்கையாக மேடு போடுவதற்குக் கடற்கரை எதற்கு?

மூன்றாவதுதான் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை யார் நடப்பார்கள்? வாடி எங்கே இருக்கும்? கரைவலைப் பாடு யாருக்கு? மீன்கூடையோடு வரும் பெண் எந்த வழியால் கரைக்குப் போவாள்? சென்ட் அன்ட்ரூஸ் மக்கள் இவற்றுக்கு 1552இலேயே எழுத்தில் பதில் வாங்கினார்கள். நம் கையில் என்ன எழுத்து இருக்கிறது? 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம் இருக்கிறது. கரையோர வலயத்துக்குள் அனுமதிப்பத்திரம் இல்லாமல் எவரும் அபிவிருத்தி வேலை செய்ய முடியாது என்கிறது அது. சட்டம் அலுமாரியில் இருந்தால் போதாது. அதைப் படித்தவர்கள் ஊரில் இருக்க வேண்டும்.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் இது. கடற்றொழில் சங்கங்களும் மாதர் சங்கங்களும் பாடசாலைகளும் சேர்ந்து இந்தக் கரையை ஒருமுறை நடந்து அளவிடுங்கள். எந்த மேடு எங்கே இருக்கிறது, எந்தப் பாதை எத்தனை தலைமுறையாகக் கரைக்குப் போகிறது, எந்தப் பாடு எவர் கையில் இருக்கிறது, எந்த வாடி எப்போதிருந்து நிற்கிறது என்று வரைபடம் போட்டு, மூத்தவர்களின் வாக்குமூலத்தோடு எழுதி வையுங்கள். அதன் பிரதிகளைப் பிரதேச சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் கரையோரம் பேணல் திணைக்களத்துக்கும் கொடுத்து, கிடைத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். கேள்வி வருகிற நாளில் எழுத்து இருக்கிற ஊர்தான் பேச முடியும். அந்த வேலையை இந்த வருடமே தொடங்குங்கள்.